பீதுருதலாகலைக்கு மேலே இடமில்லை

மலையில் ஏற ஏறக் குளிரும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எவ்வளவு குளிரும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஏறக்குறைய ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் 6.5 பாகை செல்சியஸ் குறையும். காலையில் கண்டியில் வியர்த்துக்கொண்டு பஸ் ஏறியவர் பின்னேரம் நுவரெலியாவில் ஜெர்சி தேடுவது இதனால்தான். கண்டி 500 மீற்றர் அளவில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீற்றரில். இதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் காலநிலை மாற்றம் மலைநாட்டுக்கு என்ன செய்கிறது என்பது பிடிபடும். வெப்பம் ஒரு பாகை கூடினால், பழகிய குளிரிலேயே வாழ விரும்பும் செடியோ பூச்சியோ தவளையோ சுமார் 150 மீற்றர் மேலே போயாக வேண்டும்.

தொழிற்புரட்சிக்கு முந்திய காலத்தோடு ஒப்பிட்டால் உலகின் சராசரி வெப்பநிலை ஒரு பாகைக்கு மேல் கூடிவிட்டது. 2024ஆம் ஆண்டில் அது 1.5 பாகையையும் தாண்டியது. கரையோரத்தில் இருப்பவர்கள் காலநிலை மாற்றம் என்றதும் கடல்மட்டத்தைப் பார்க்கிறார்கள். நாங்கள் பார்க்க வேண்டியது மலைச்சரிவை. நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதலாகலை 2,524 மீற்றரில் முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே ஏறுவதற்கு மலை இல்லை.

ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகிய மூன்றையும் சேர்த்து 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் போட்டது. வேறெங்கும் இல்லாத உயிரினங்கள் இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு நெருக்கமாக இருப்பதே அதற்குக் காரணம். அவற்றில் என் கவனத்தை அதிகம் இழுப்பவை புதர்த் தவளைகள். நகத்தளவு, விரலளவு உள்ளவை. மற்றத் தவளைகளைப் போல இவை குளத்திலோ ஓடையிலோ முட்டையிடுவதில்லை. ஈர மண்ணுக்குள்ளோ இலையின் அடியிலோ இடும். வால் முளைத்து நீந்தும் வாற்பேய்ப் பருவமும் இவற்றுக்குக் கிடையாது. முட்டைக்குள்ளேயே முழு வளர்ச்சியும் முடிந்து, குட்டித் தவளையாகவே வெளியே வரும். தண்ணீர்த் தேக்கமே இல்லாத செங்குத்தான காட்டில் வாழ்வதற்கு இது அருமையான ஏற்பாடு. ஆனால் அந்த முட்டைக்கு ஓடு இல்லை. இலையின் அடியில் ஈரம் காய்ந்தால் முட்டையும் காய்ந்துவிடும். மழை பெய்யாத நாட்களில் அந்த ஈரத்தைக் கொடுப்பது முகில். மரக்கிளைப் பாசியில் முகில் உரசி, துளியாகி, சொட்டும். வெப்பம் கூடும்போது முகில் திரளும் உயரமும் மேலே போகும். காட்டின் தலையைத் தொட்டுப் போன முகில் காட்டுக்கு மேலாகப் போகத் தொடங்கினால், மழைக் கணக்கில் ஒரு மில்லிமீற்றரும் குறையாமலே காடு காயும்.

இந்தத் தவளைகளில் ஒன்று 1853இல் விவரிக்கப்பட்டது. பச்சை உடம்பில் நட்சத்திரம் தெளித்தது போன்ற புள்ளிகள் கொண்டது. அதற்குப் பிறகு ஒருவர் கண்ணிலும் படவில்லை, அற்றுப்போனது என்றே எழுதிவிட்டார்கள். 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் அது மீண்டும் கிடைத்தது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனாலும் உலகில் அற்றுப்போனவையாகப் பதிவான தவளை இனங்களில் பெரிய பங்கு இலங்கையுடையது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இங்கே நேர்மையாக ஒன்றைப் பிரித்துக் காட்டியாக வேண்டும். அந்தத் தவளைகளைக் கொன்றது காலநிலை மாற்றம் அல்ல. கோடரி. 19ஆம் நூற்றாண்டில் முதலில் கோப்பிக்காக மலை மலையாகக் காடு வெட்டப்பட்டது. 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது, சில ஆண்டுகளில் கோப்பியே போய்விட்டது. வெட்டிய இடத்தில் தேயிலை ஏறியது. வெட்டியவர்களும் நட்டவர்களும் எங்கள் பாட்டன் பூட்டன்மார்தான். வெட்டச் சொன்னவர்கள் வேறு ஆட்கள். 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடாமல் விடும்படி ஆலோசனை சொன்னார். உச்சிக் காடுகளில் ஓரளவாவது எஞ்சியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் எஞ்சியது உச்சியில் மட்டும். கீழே இருக்கும் துண்டுக் காட்டிலுள்ள ஓர் ஓணானுக்கு வெப்பம் தாங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். மேலே குளிர்ந்த காடு இருக்கிறது. நடுவில் நிழலற்ற தேயிலை மலை. கொம்பு மூக்கோணானும் குட்டையோணானும் ஆறு வளைவு ரோட்டைக் கடந்து, மூன்று நம்பர் மலையைத் தாண்டிப் போகப் போவதில்லை. காடு துண்டானது முதல் அடி. அந்தத் துண்டுக்குள் வெப்பம் ஏறுவது இரண்டாவது. முதல் அடி விழாமல் இருந்திருந்தால் இரண்டாவதை இந்த உயிர்கள் கொஞ்சமாவது தாங்கியிருக்கும்.

ஹோர்ட்டன் சமவெளியில் பட்டுப்போய் நிற்கும் மரங்களைப் பார்த்தவர்கள் உடனே காலநிலையைக் காட்டுவார்கள். அங்கே பல பத்தாண்டுகளாகவே மரங்கள் உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் சாகின்றன, அதிலும் கீன மரம் கூடுதலாக. வறட்சி, மண்ணில் சத்துக் குறைவு, காற்று மாசு என்று பல காரணங்களை ஆய்வாளர்கள் முன்வைத்திருக்கிறார்கள். ஒரே காரணத்தில் வழக்கு முடியவில்லை. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளின் தலைநீரும் அந்தப் பக்கத்து மலைகளில்தான் தொடங்குகிறது. அந்தக் காட்டின் நோய் அனுராதபுரத்து வயலுக்கும் கொழும்புக் குழாய்க்கும் தொடர்பில்லாத விஷயம் அல்ல.

தவளைக்கு ஏற இடமில்லை. நுளம்புக்கு இருக்கிறது.

டெங்கு வைரஸ் நுளம்பின் உடலுக்குள் போனவுடனே மற்றவருக்குத் தொற்றிவிடாது. வயிற்றிலிருந்து பெருகி உமிழ்நீர்ச் சுரப்பியை எட்ட வேண்டும். வெப்பமான இடத்தில் இதற்கு 8 முதல் 12 நாள் வரை ஆகும். குளிர் கூடக் கூட நாளும் கூடும். நுளம்பின் ஆயுளோ சில கிழமைகள் மட்டுமே. குளிரான இடத்தில் வைரஸ் தயாராகும் முன் நுளம்பு செத்துவிடும். நுவரெலியா இவ்வளவு காலம் தப்பியிருந்த இரகசியம் இதுதான். அங்கே ஆண்டுச் சராசரி 16 பாகை அளவில்தான். கண்டியில் 24 பாகைக்கு மேல், அங்கே டெங்கு எப்போதும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள நாவலப்பிட்டி, கினிகத்தேனை, பதுளை, பண்டாரவளை ஆகிய ஊர்களைத்தான் நாங்கள் கவனிக்க வேண்டும். அங்கே ஒன்றிரண்டு பாகை என்பது சின்ன விஷயமல்ல. நுளம்பின் ஆயுள் முந்துகிறதா, வைரஸ் முந்துகிறதா என்ற போட்டியின் முடிவையே அது மாற்றிவிடும். 2017இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது, 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த ஆண்டின் சுமை பெரும்பாலும் தாழ்நிலத்தில் விழுந்தது. மலைநாட்டு வைத்தியசாலை ஒன்றின் கட்டில் எண்ணிக்கையை அறிந்தவர்களுக்கு அடுத்த கேள்வியை நான் எழுதத் தேவையில்லை.

நுளம்பு என்றால் மழை என்று நினைக்கிறோம். 1934ஆம் ஆண்டு அதைப் பொய்யாக்கியது. அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் ஓட்டம் நின்று, பாறைக்கும் மணலுக்கும் நடுவே குட்டை குட்டையாகத் தேங்கின. மலேரியா நுளம்புக்கு அதைவிட நல்ல தொட்டில் இல்லை. 1934, 1935இல் சுமார் 80,000 பேர் மலேரியாவில் மாண்டார்கள். கேகாலை, குருநாகல் பக்கம் கிராமங்கள் காலியாயின. பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு 2016இல் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. பருவம் தவறுவதும் நோயாளர் எண்ணிக்கையும் எப்படிக் கைகோக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் எங்கள் வரலாற்றில் இல்லை. நிறைய மழை ஒரு நோய், மழையே இல்லாமை இன்னொரு நோய். வழமையான மழை வழமையான நேரத்தில் வருவதுதான் உடம்புக்கு நல்லது.

தேயிலைச் செடிக்கும் அப்படித்தான். தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகள் அதற்கு உகந்த வெப்பநிலை சுமார் 22 பாகை என்கின்றன. உயர்மலையில் இன்னும் அதற்குக் கீழேதான் இருக்கிறது. எனவே வெப்பம் கொஞ்சம் கூடினால் அங்கே கொழுந்து கூடுதலாகக்கூட வரலாம். இடைமலையும் தாழ்நிலமும் எல்லையைத் தாண்டிவிட்டன. மாத மழை 100 மில்லிமீற்றர் குறைந்தால் ஒரு ஹெக்டேயரில் 30 முதல் 80 கிலோ வரை தேயிலை குறையும் என்பதும் அந்த ஆய்வுகளில் உண்டு. ஏற்றுமதியாளர் இதை டொலரில் கணக்குப் பார்ப்பார். மலையில் நிற்பவருக்கு இது ‘பேர்’ கணக்கு, அதாவது நாட்சம்பளக் கணக்கு. வெயில் காலத்தில் செடி தளிர் விடாமல் நிற்கும். தோட்டம் கேட்கிற கிலோ வராது. வராவிட்டால் அன்றைக்கு அரைப் பேர். சில தோட்டங்களில் கிழமைக்கு வேலையே மூன்று நாளாகக் குறையும். அரைப் பேர் விழுகிற மாதத்தில் வீட்டில் முதலில் குறைவது மீனும் முட்டையும். 2016ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் 17 வீதம், தோட்டப் பகுதியில் 32 வீதம். வெப்பநிலை வரைபடத்தில் இந்தப் பிள்ளைகள் எங்கும் தெரிய மாட்டார்கள். ஆனால் வறட்சி அவர்களை எட்டும் வழி நேரானது.

இன்னொரு வழி கொஞ்சம் சுற்றிவருவது. காலநிலையும் உடல்நலமும் காட்டுயிரும் ஒரே ஓடையில் சந்திக்கும் இடமும் அதுதான். 1946 முதல் தேயிலையைப் பிடித்திருக்கும் கொப்புள நோய் ஈரத்தில் பரவுவது. வறட்சி நீண்டால் அது தணியும், பதிலாகச் செஞ்சிலந்தி பெருகும். இடைமலையில் தண்டு துளைக்கும் வண்டும் சேர்ந்துகொள்ளும். அதாவது மருந்தடிக்கும் நாட்கள் கூடும். முதுகில் தொட்டியைச் சுமந்து மருந்தடிப்பவருக்கு முகக்கவசம் கொடுத்தாலும், வெயிலில் மூச்சுமுட்டுகிறது என்று கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்வார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்த மருந்து அடுத்த கனமழையில் மலையின் வடிகாலான கானுக்குள் இறங்குகிறது. கான் ஓடையில் கலக்கிறது. அந்த ஓடையின் மேற்புறத்தில்தான் தவளை, கீழ்ப்புறத்தில் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் பீலி. மூங்கிலோ பிளாஸ்டிக் குழாயோ வைத்து ஊற்றிலிருந்து நேரே இறக்கிய தண்ணீர். குளோரினும் இல்லை, வடிகட்டலும் இல்லை. வறட்சியில் ஊற்று மெலிந்து, குடங்கள் வரிசைகட்டி நிற்கும். பிறகு வருகிற முதல் மழை மேலேயுள்ள அழுக்கையெல்லாம் அள்ளிக்கொண்டு வரும். முதல் மழைக்குப் பின்னான கிழமையில் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வயிற்றோட்டத்தோடு வரும் பிள்ளைகளைப் பற்றி அங்கே வேலை செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அடைமழை நாட்களின் கதை வேறு. நனைந்த விறகு எரியாது, புகையும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் அடுப்பும் கைக்குழந்தையும் ஒன்றாக இருக்கும்போது அந்தப் புகை எங்கே போகும்? பாட்டிமாரின் தீராத இருமலைப் ‘பனிக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதில் அடுப்பின் வேலையும் இருக்கிறது.

குளவி கொட்டுவதையும் சிறுத்தையையும் விட்டுவிட்டு மலைநாட்டில் யாரும் இந்த விஷயத்தைப் பேச மாட்டார்கள். கொழுந்து பறிக்கப் போனவர்களைக் குளவி கொட்டியது என்ற செய்தி மாதம் தவறாமல் பத்திரிகையில் வருகிறது. அதையும் காலநிலைக் கணக்கில் எழுதிவிட நான் தயாரில்லை. ‘குளவி’ என்று இங்கே பொதுவாகச் சொல்வதில் சேரும், மலைகளில் கூடு கட்டும் பெருந்தேனீ, பூக்காலத்தைத் தொடர்ந்து தாழ்நிலத்துக்கும் மலைக்கும் பருவந்தோறும் இடம் மாறுவது. பூக்கும் காலம் முன்பின்னானால் அது வரும் காலமும் மாறும் என்பது வரை சொல்லலாம். ஆனால் கொட்டு வாங்கியவரை மலையிலிருந்து ரோட்டுக்குத் தூக்கிவர ஒரு மணித்தியாலம் ஆவதற்கும் காலநிலைக்கும் சம்பந்தமில்லை. சிறுத்தை விஷயமும் ஏறக்குறைய அதே. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கம்பிச் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் செத்தது. காட்டுப்பன்றிக்கு வைக்கிற சுருக்குகளில்தான் இவை மாட்டுகின்றன. துண்டுக் காட்டுக்கும் தேயிலைக்கும் நடுவே வாழப் பழகிய மிருகம் அது. வறட்சியில் அதன் இரையும் தண்ணீர் தேடிக் கீழே வந்தால் அதுவும் வரும். எல்லாவற்றையும் ‘காலநிலை மாற்றம்’ என்ற ஒரே கூடைக்குள் போடுவதில் ஆபத்து இருக்கிறது. பொறுப்புச் சொல்ல வேண்டியவர்கள் வானத்தைக் கைகாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

மண்சரிவில் இந்தக் கைகாட்டல் உயிர்களையே வாங்குகிறது.

காற்று ஒரு பாகை சூடானால் ஏறக்குறைய 7 வீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் மழை நாட்கள் குறைந்தாலும் பெய்கிற நாளில் கொட்டித் தீர்க்கும். மலைச்சரிவில் பாறைக்கு மேலே, காலங்காலமாகச் சரிந்து சேர்ந்த தளர்ந்த மண் படிந்திருக்கும். மெல்ல இறங்கும் மழையை அந்த மண் குடித்து ஊற்றாக விடும். ஒரே நாளில் கொட்டினால் தண்ணீர் வெளியேற வழியின்றி மண்துகள்களுக்கு நடுவே அழுத்தம் ஏறும். துகளுக்கும் துகளுக்குமான பிடி விட்டுப்போகும், மலை நகரும். ஆழமாக வேரோடிய மரம் அந்தப் பிடியைக் கொஞ்சம் காக்கும். ஓடைக்கரையைச் சுரண்டி மரக்கறி போட்ட இடத்தில் அதுவும் இருக்காது. நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கும் அல்லது நின்றுபோகும் ஊற்று, பூட்ட முடியாமல் இறுகும் கதவு ஆகியவை முன்னறிகுறிகள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 என்றால் வெளியேறத் தயாராக வேண்டும், 150 என்றால் வெளியேற வேண்டும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் படிநிலை வைத்திருக்கிறது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தவில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. மக்கள் ஏன் போகவில்லை என்று அப்போது தொலைக்காட்சியில் பலர் கேட்டார்கள். எங்கே போவது? லயமும் தோட்டத்துடையது, லயம் நிற்கும் நிலமும் தோட்டத்துடையது. இரு நூற்றாண்டுகளாக மலையில் வாழ்ந்தும் ஒரு துண்டுக் காணிக்குச் சொந்தம் கொண்டாட முடியாதவர்களுக்கு ‘இடம்பெயருங்கள்’ என்ற அறிவித்தலால் ஒரு பயனும் இல்லை. பிறகு ஆளுக்கு 7 பேர்ச் காணியோடு வீட்டுத் திட்டம் வந்தது. கிடைத்தவர்கள் கொஞ்சம், காத்திருப்போர் அதிகம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் நூற்றுக்கணக்கான இடங்களில் சரிந்தன. பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் தங்கியவர்களுக்கு ஈரப் பாயும் நெரிசலும், அதைத் தொடர்ந்து சளிக்காய்ச்சலும் சொறியும் வயிற்றோட்டமும். உடம்பில் தெரிவது அவ்வளவு. அதற்குப் பிறகு ஒவ்வொரு இரவு மழைக்கும் எழுந்து உட்காருகிற ஆட்களை எந்த நோயாளர் பதிவேட்டில் எழுதுவது?

மாற்று வழி என்று பேசத் தொடங்கினால் பெரிய திட்டங்களின் பெயர்கள் வரும். எனக்குச் சின்னச் சின்ன வேலைகளில்தான் நம்பிக்கை. ஓடைக்கு இருபுறமும் தேயிலையைக் கொஞ்சம் பின்வாங்கி நாட்டுமரம் நட்டால் துண்டுக் காடுகளுக்கு நடுவே ஒரு பாதை கிடைக்கும். அதே மரம் கரையைப் பிடிக்கும், மருந்து ஓடைக்குள் இறங்குவதைக் குறைக்கும், ஊற்றையும் காக்கும். தவளைக்குச் செய்வது பீலித் தண்ணீருக்கும் செய்ததாகிவிடும். தேயிலைக்குள் நிழலுக்கு நின்ற சவுக்கும் முள்முருக்கும் பல தோட்டங்களில் விறகுக்கும் பலகைக்கும் போய், மறுநடுகை நடக்கவேயில்லை. நிழல் என்றால் செடிக்கு மட்டுமல்ல, பகல் முழுக்கக் கூடையோடு நிற்பவர் தலைக்கும்தான். காணி உறுதி வழங்குவதைச் சமூகநீதிக் கோரிக்கையாக மட்டுமே பேசிவந்திருக்கிறோம். பாதுகாப்பான சரிவில் சொந்தக் காணி இருப்பவர்தான் எச்சரிக்கை வந்ததும் நகர முடியும். அதனால் அதை அனர்த்தத் தடுப்புச் செலவாகவும் திறைசேரியில் கேட்க வேண்டும்.

நாளைக்கே தொடங்கக்கூடிய ஒன்று மட்டும் இருக்கிறது. பெரும்பாலான தோட்டங்களில் ஸ்டோருக்குப் பக்கத்திலோ ஆபீஸ் முற்றத்திலோ ஒரு மழைமானி இருக்கும். தினமும் காலையில் அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது வெள்ளைக்காரத் துரைமார் காலத்துப் பழக்கம். சில இடங்களில் நூறாண்டுக்கு மேற்பட்ட பதிவுகள் அலுமாரியில் தூசி படிந்து கிடக்கின்றன. அந்த எண் இன்றைக்கும் முகாமையாளரின் அறிக்கைக்குத்தான் போகிறது. அதையே காலையில் பெரட்டுக்களத்தில், வேலைக்கு எந்த மலை என்று சொல்லும்போதே, ‘நேற்று 82 மில்லிமீற்றர்’ என்று தமிழில் உரக்கச் சொல்லிவிடலாம். 75ஐத் தாண்டினால் என்ன செய்வது என்பதைப் தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையமான பிள்ளைக் காம்பராவின் சுவரில் எழுதி வைக்கலாம். அதே எண்ணைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் அனுப்பினால், மழைக்குப் பின்னான கிழமைகளில் எந்தத் தோட்டத்துக்கு நுளம்புப் பரிசோதகரையும் குளோரினையும் முதலில் அனுப்ப வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். இதற்குப் புதிய கருவியோ வெளிநாட்டு நிதியோ தேவையில்லை. வாசிப்பவர் ஏற்கெனவே சம்பளத்தில் இருக்கிறார்.